சித்திரையில் ஒரு வளவுக் கல்யாணம்

செட்டிநாட்டு வீட்டுக் கல்யாணத்தைப் படமெடுக்க ஒப்புக்கொண்டவர் முதலில் செய்ய வேண்டியது, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் விடியலிலிருந்து விளக்கு வைக்கும் நேரம் வரை அந்த வீட்டில் இருந்து வெயிலைப் பார்ப்பது. புதிதாக வாங்கிய லென்ஸ் தராத பலனை அந்த ஒரு பகல் தரும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் நிற்கும் இந்த வீடுகள் பெரும்பாலும் 1850க்கும் 1940க்கும் இடையில் எழுந்தவை. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார், சம்பாதித்ததைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து, கல்யாணம் முதல் துக்கம் வரை எல்லாமே வீட்டுக்குள் நடக்கும்படி கட்டினார்கள். பல வீடுகளைக் கட்டிய காலத்தில் இந்த ஊர்களுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. பகலில் ஐந்நூறு பேர் கூடினாலும் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்பதை யோசித்துத்தான் நடுமுற்றத்தைச் சுற்றிய வளவின் அகலத்தையும் தாழ்வாரத்தின் உயரத்தையும் வைத்திருக்கிறார்கள். அந்த யோசனையைப் புரிந்துகொண்டு எடுப்பவருக்கு விளக்குத் தூண்கள் பாதி போதும்.

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான். இந்த வீட்டில் ஒவ்வொரு சடங்குக்கும் ஓர் இடம் உண்டு, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நேரத்து வெளிச்சம் உண்டு. இரண்டையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டால் கல்யாணத்தன்று ஓட வேண்டியதில்லை. அழகான தூண்களின் முன்னால் மணமக்களை நிறுத்தி நிறுத்தி எடுக்கும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. அப்படி எடுத்த படங்களில் வீடு வாடகை அரங்கு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த வளவில்தான் மணப்பெண்ணின் அப்பத்தாவும் ஒருநாள் மருமகளாக வந்து நின்றிருப்பார். படத்தில் அது தெரிய வேண்டும்.

உச்சி வெயிலின் மாதம்

இளவேனில் என்று நாம் சொல்லும் சித்திரையும் வைகாசியும் இங்கே முகூர்த்தங்கள் நெருங்கி வரும் மாதங்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பங்காளிகள் ஊருக்கு வந்து பூட்டிய அறைகளைத் திறக்கும் காலம். ஆனால் படமெடுப்பவருக்கு ஆண்டிலேயே கடினமான வெயில் இதுதான். காரைக்குடி வட அட்சரேகை 10 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் நடுவில், அதாவது சித்திரை பிறந்த ஓரிரு நாளில், நண்பகல் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வந்து நிற்கிறது. கடிகாரத்தில் அது ஏறத்தாழ 12.15. அப்போது முற்றத்தில் நட்ட கோலுக்கு நிழலே இருக்காது. நிற்கிறவர் முகத்தில் கண்குழி இரண்டும் இருண்டு, மூக்கு நுனி மட்டும் வெளுத்துத் தெரியும்.

இதே கணக்கு காலையில் உங்களுக்கு உதவுகிறது. செட்டிநாட்டு வீடுகள் கிழக்கு மேற்காக, பல இடங்களில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும்படி நீண்டிருக்கும். முகப்பு வாசல், வளவு வாசல், இரண்டாங்கட்டு வாசல், பின்கட்டு வாசல் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்கும். சித்திரைத் தொடக்கத்தில் சூரியன் நேர்கிழக்குக்கு 10 டிகிரி வடக்கே தள்ளி, காலை ஆறு மணி சுமாருக்கு எழுகிறது. கிழக்கு பார்த்த வீடாக இருந்து, எதிரே மரமோ மாடியோ மறைக்காவிட்டால், விடிந்த முதல் அரை மணி நேரம் முகப்பு வாசல் வழியாகத் தாழ்ந்த வெயில் சற்றுச் சாய்வாக உள்ளே பாயும். கோலம் போட்டு முடித்தவரும் பூக்கூடையோடு வருகிறவரும் அந்த ஒளிக்குள் நடந்து வருவார்கள். இரண்டாங்கட்டில் உட்கார்ந்துகொண்டு, 85 அல்லது 135 மி.மீ. லென்ஸில், வாசலுக்குள் வாசலாகச் சட்டங்கள் அடுக்கித் தெரிய எடுங்கள். மேற்கு பார்த்த வீடென்றால் இதே வாய்ப்பு மாலை ஐந்தரைக்கு மேல் கிடைக்கும்.

ஒன்பது மணிக்குச் சூரியன் 40 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அப்போது வளவின் மேற்குப் பக்கத்தில் வெயில் விழும். நண்பகலில் நடுமுற்றத்துக்கு வந்து, பிற்பகலில் கிழக்குப் பக்கம் நகரும். முந்தைய நாள் பார்க்கச் சொன்னது இதைத்தான். எந்தத் தூணின் அடியில் எத்தனை மணிக்கு வெயில் வருகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். முகூர்த்தம் ஏழரை முதல் ஒன்பது என்றால் எந்தத் தாழ்வாரம் நிழலாக இருக்கும், எந்தத் தாழ்வாரத்துக்கு எதிர்த்தரை வெயில் பட்டு வெளிச்சம் தரும் என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

வளவுக்குள் எங்கே நிற்பது

வெயில் படும் முற்றத்துக்கும் தாழ்வாரத்து நிழலுக்கும் ஆறேழு ஸ்டாப் வித்தியாசம் இருக்கும். முற்றத்தைப் பின்னால் வைத்து மணப்பெண்ணை எடுத்தால் முகம் இருண்டுபோகும். முகத்துக்கு ஒளியளவு வைத்தால் பின்னால் எல்லாம் வெள்ளைத் தாளாகிவிடும். ஃப்ளாஷ் போட்டுச் சமன் செய்யலாம்தான், ஆனால் அந்த வீட்டின் குணம் போய்விடும். நான் சொல்லும் வழி எளியது. முற்றம் உங்கள் முதுகுக்கோ தோளுக்கோ பின்னால் இருக்கட்டும். படத்தில் வரும் ஆள் தாழ்வாரத்தில், முற்றத்தைப் பாதி பார்த்தபடி இருக்கட்டும். திறந்த வானம் அப்போது பெரிய, மெல்லிய விளக்காக அவர் முகத்தின் ஒரு பக்கத்தில் விழும். பட்டின் சரிகையும் நகையின் வேலைப்பாடும் இந்தப் பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் எழுந்து நிற்கும். ஐஎஸ்ஓ 800 முதல் 1600, எஃப் 2.8, நொடியில் 250ல் ஒரு பங்கு என்று தொடங்கி, வலது தூண் இடது தூண் என்று மாறும்போது திருத்திக்கொள்ளலாம். கேமராவின் தானியங்கி ஒளியளவு வெள்ளை வேட்டிகளைப் பார்த்து ஏமாறும். ஆகவே மேனுவலில் வைத்து, முகத்துக்குப் புள்ளியளவு பாருங்கள்.

தரை உங்களோடு ஒத்துழைக்கும், சில நேரம் மல்லுக்கும் நிற்கும். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியில் படிந்த பக்கமே மேல்பக்கம் ஆவதால் அத்தனை வழவழப்பு. சிவப்புக் கல் பதித்த தரையில் வெயில் பட்டால் அந்தச் சிவப்பு எல்லார் தாடைக்கடியிலும் ஏறும். பச்சைத் தரையில் உட்கார்ந்தவர் நோயாளிபோல் தெரிவார். கணினியில் இதைச் சரிசெய்வது பெரும் வேலை, ஏனென்றால் முகத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் நிறம் மாறியிருக்கும். ஜமக்காளத்தையோ பந்திப்பாயையோ இரண்டடி முன்னால் இழுத்துப் போடச் சொன்னாலே போதும், பாதி தீர்ந்துவிடும்.

சுவர்ப் பூச்சும் அப்படியே. சுண்ணாம்பை அரைத்து, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. நேராக ஃப்ளாஷ் அடித்தால் அதில் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். ஃப்ளாஷைக் கூரைக்குத் திருப்பலாம் என்றால் மேலே பர்மாத் தேக்கு. கறுத்த மரம் வெளிச்சத்தைக் குடித்துவிட்டு, மிச்சத்தைப் பழுப்பாகத் திருப்பி அனுப்பும். பக்கச் சுவரில், படத்துக்குள் வராத பகுதியில் அடித்துத் திருப்புவதே இங்கே சரி. பூச்சு, பளிங்கு, ஆத்தங்குடிக் கல் மூன்றின் பளபளப்பையும் போலரைசர் குறைக்கும். ஆனால் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை அது விழுங்கும் என்பதால் வீட்டை மட்டும் தனியாக எடுக்கும்போது பயன்படுத்துங்கள். பெல்ஜியம் கண்ணாடிகளுக்கு அது உதவாது. அவற்றுக்கு எதிரே நிற்காமல் இருப்பதே வழி. அல்லது, கண்ணாடிக்குள் மணப்பெண்ணும் வெளியே அவர் தலையில் பூ வைக்கும் கையும் தெரியும்படி சாய்வாக நின்று எடுங்கள்.

கல்யாணக் காண்ட்ராக்ட் எடுத்தவரிடம் முன்கூட்டியே பேசியாக வேண்டிய விஷயம் பந்தல் துணி. சித்திரை வெயிலுக்கு வளவின் மேலே எதையாவது கட்டித்தான் ஆவார்கள். நீலத் தார்ப்பாயைக் கட்டிவிட்டால் தாலி கட்டும் திருப்பூட்டு முழுவதும் எல்லார் முகமும் நீலம். சிவப்பு, மஞ்சள் பட்டை போட்ட சாமியானா அதைவிட மோசம். வெள்ளைத் துணி கட்டச் சொல்லுங்கள். வெயிலும் மட்டுப்படும், வளவு முழுக்க ஒரே சீரான வெளிச்சமும் கிடைக்கும். தென்னங்கீற்றுப் பந்தலும் நல்லதுதான், ஆனால் கீற்றுச் சந்துகளில் வெயில் புகுந்து முகங்களில் புள்ளி விழும். மணை போடும் இடத்துக்கு மேலே மட்டும் கீற்றை இரட்டையாகப் போடச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வாரம் முன்பே கேட்டால் செய்துகொடுப்பார்கள். விடிந்தபின் கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது.

வீடியோக்காரரிடமும் முதல் நாளே பேசுங்கள். அவர் எல்இடி விளக்கை நேராகப் பிடித்தால் வளவின் வெளிச்சம் செத்துப்போகும். இருவரும் ஒரே பக்கத்திலிருந்து எடுப்பது, விளக்கு தேவைப்பட்டால் வெள்ளைச் சுவரில் திருப்பி அடிப்பது என்று ஒப்புக்கொண்டால் இருவர் வேலையும் நன்றாக வரும். சுவரில் உள்ள டியூப்லைட்டுகளை அணைக்கச் சொல்லலாம். அணைக்க முடியாவிட்டால் ஷட்டரை நொடியில் 100ல் ஒரு பங்கில் வைத்தால் விளக்குத் துடிப்பின் பட்டைகள் விழாது.

ஆச்சியிடம் உட்கார்ந்து கேட்பது

நகரத்தார் சடங்குகள் ஊருக்கு ஊர், கோவிலுக்குக் கோவில் சிறிது மாறும். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது நகரக் கோவில்களைச் சேர்ந்த குடும்பங்கள் இவர்கள். இரு தரப்புக் கோவில்களிலிருந்தும் மாலை வந்து சேர வேண்டும். மாலை வந்து இறங்குவதை எத்தனையோ பேர் தவறவிடுகிறார்கள், அந்த நேரத்தில் அவர்கள் மணப்பெண் அலங்காரத்தை எடுத்துக்கொண்டிருப்பதால். உதவியாளர் ஒருவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

முந்தைய நாள் மாலை, வேலை ஓய்ந்த நேரத்தில், வீட்டின் மூத்த ஆச்சியிடம் போய் உட்காருங்கள். “ஆச்சி, நாளைக்கு ஒண்ணொண்ணா என்ன நடக்கும், எந்த இடத்துல நடக்கும், யார் முன்னால நிப்பாங்க, கொஞ்சம் சொல்லுங்க” என்று கேளுங்கள். மாப்பிள்ளை அழைப்பு எந்தக் கோவிலிலிருந்து கிளம்புகிறது, திருப்பூட்டு வளவில் எந்தப் பக்கம் நடக்கும், இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கே, வேவு என்னும் சடங்குப் பொருள்களை இறக்குவது யார், பெண் அழைத்துக்கொண்டு கிளம்புவது எத்தனை மணிக்கு என்று அவர் வரிசையாகச் சொல்வார். சொல்லும்போதே கையால் இடத்தைக் காட்டுவார். அந்தக் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் நிற்க வேண்டிய இடம் அதற்கு எதிர்ப்பக்கம். கல்யாணப் பத்திரிகையில் அச்சிடாத பல விஷயங்கள் இந்தப் பேச்சில் கிடைக்கும். எந்தப் பெரியவருக்குக் காது கேட்காது, எந்தச் சித்தப்பா இருபது ஆண்டு கழித்து ஊருக்கு வந்திருக்கிறார், யார் பக்கத்தில் யார் நிற்கமாட்டார்கள் என்பதுவரை.

இசைகுடிமானத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரு வீட்டாரும் கல்யாணத்தை எழுத்தில் பதிந்துகொள்ளும் இந்த வழக்கம் ஓலைச்சுவடிக் காலத்திலிருந்து வருகிறது. பார்வைக்கு அமைதியான காரியம் என்பதால் பல ஆல்பங்களில் ஒரே ஒரு படத்தோடு முடிந்துவிடும். எழுதுகிறவர் கை, சுற்றி எட்டிப் பார்க்கும் பெரியவர்கள் முகம், எழுத்து வாசிக்கக் கூடிய அளவுக்குத் தாள் என்று மூன்றையும் எடுங்கள்.

கழுத்துருவை எடுக்கும்போது கவனம் வேண்டும். கூர்விரல்கள் நீட்டிய பெரிய தங்க உருக்களை மஞ்சள் கயிற்றில் கோத்த கனமான அணி அது. கல்யாணத்திலும் அறுபதாங்கல்யாணத்திலும் அணிவது. அதை “அந்த அறைக்குக் கொண்டுவாங்க, வெளிச்சம் நல்லாயிருக்கு” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். வைத்த இடத்திலேயே, வீட்டுப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஐந்து நிமிடத்தில் எடுத்து முடியுங்கள். நேர் ஃப்ளாஷில் தங்கம் வெளுத்துத் தகரமாகிவிடும். சன்னல் பக்கவாட்டு வெளிச்சத்தில், எதிர்ப்பக்கம் ஒரு கறுப்புத் துணி பிடித்தால் ஒவ்வொரு உருவின் விளிம்பும் தனித்து நிற்கும்.

திருப்பூட்டு நேரத்தில் நீங்களும் உட்காருங்கள். வந்தவர்களில் பாதிப் பேர் தரையில் ஜமக்காளத்தில் அமர்ந்திருப்பார்கள். பேத்தி கழுத்தில் திருமாங்கல்யம் ஏறுவதைப் பார்க்கத் தொலைதூரத்திலிருந்து வந்த ஆயாவுக்கு உங்கள் முதுகு தெரியக்கூடாது. 35 மி.மீ. ஒன்று, 70-200 ஒன்று என்று இரண்டு கேமராக்களில் மாட்டிக்கொண்டு, தூணோரம் ஒட்டி உட்கார்ந்தால், மணமக்களையும் அவர்களைப் பார்க்கும் முகங்களையும் இடம் மாறாமலே எடுக்கலாம். அந்த முகங்கள்தான் முப்பது ஆண்டு கழித்துத் தேடப்படும்.

வீட்டுக்குக் காயம் படாமல்

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு வீட்டையும் காப்பாற்றிக்கொண்டிருப்பது அதன் பங்காளிகள்தான். ஒரே வீடு பல புள்ளிகளுக்கு, அதாவது தனித்தனிக் குடும்பங்களுக்கு, சொந்தமாக இருக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகளின் சாவி வெவ்வேறு குடும்பங்களிடம் இருக்கும். மணப்பெண் அலங்காரத்துக்கு உங்களுக்குப் பிடித்த அறை வேறொரு பங்காளியுடையதாக இருக்கலாம். கல்யாண வீட்டார் மூலமாகவே கேளுங்கள், நேராகப் போய்த் தட்டாதீர்கள்.

சுவரில் டேப் ஒட்டக்கூடாது. உரிக்கும்போது பூச்சின் மெருகு அதோடு வந்துவிடும், அதைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் மிகக் குறைவு. விளக்குத் தூண்களின் காலுக்குப் பழந்துணி சுற்றுங்கள். சாக்ஸ் போட்டுக்கொண்டு ஆத்தங்குடித் தரையில் ஓடினால் வழுக்கும், வெறுங்காலே நல்லது. ஆனால் பதினொரு மணிக்கு மேல் முற்றத்துக் கல் காலைச் சுட்டுவிடும், ஆகவே தாழ்வாரத்தோடே நடந்து பழகுங்கள். டிரோன் பறக்கவிடுவதென்றால் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி அனுமதி உள்ள பகுதியா என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். அடுக்கடுக்கான ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே வளவு சதுரமாகத் தெரியும் ஒரு படம் போதும். நாதஸ்வரம் வாசிக்கும்போது மேலே அது இரைச்சல் போடக்கூடாது.

குளிர்சாதன அறையில் இரவு வைத்த கேமரா விடியற்காலை வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். எழுந்தவுடன் பையைத் திறக்காமல் வெளியே கொண்டுவந்து அரை மணி நேரம் வையுங்கள். மதியம் கேமராவை வெயிலில் வைத்தால் சூடேறி வீடியோ நின்றுவிடும். இரண்டு கார்டில் ஒரே நேரத்தில் பதியும் கேமரா இல்லாமல் கல்யாணத்துக்குப் போகவேண்டாம்.

மாலையும் மழையும்

நூறு பேர் நிற்கும் குடும்பப் படத்தைக் காலையில் எடுக்க எல்லாரும் அவசரப்படுவார்கள். கிழக்கு பார்த்த வீட்டில் காலையில் எடுத்தால் அத்தனை பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். ஐந்து மணிக்கு முகப்பு முழுவதும் நிழலுக்குள் வந்துவிடும், எதிரே திறந்த கிழக்கு வானம் எல்லார் முகத்திலும் சமமாக விழும். பெரியவர்களை நடுவில் நாற்காலியில் அமர்த்தி, குழந்தைகளைக் கீழே, மற்றவர்களைத் திண்ணையிலும் படியிலும் ஏற்றி, 35 அல்லது 50 மி.மீ.யில் எஃப் 8 வைத்து எடுங்கள். அதைவிட அகலமான லென்ஸ் ஓரத்தில் நிற்பவர்களை இழுத்துப் பருமனாக்கிவிடும். பெயர் சொல்லிக் கூப்பிடும் வேலையைக் குரல் பெரிதான ஓர் உறவினரிடம் விட்டுவிடுங்கள். உங்கள் குரலுக்கு யாரும் வரமாட்டார்கள்.

சித்திரை, வைகாசியில் மாலை நேரத்தில் கோடை மழை கொட்டுவது உண்டு. மழை வந்தால் கலங்காதீர்கள். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் தண்ணீர் முற்றத்துக்குள் இறங்கும். வளவின் மூலைகளில் அண்டா வைத்துப் பிடிப்பார்கள். தாழ்வாரத்து விளக்கைத் தண்ணீருக்குப் பின்னால் இருக்கும்படி பார்த்து நின்று, நொடியில் 500ல் ஒரு பங்கில் எடுத்தால் துளி துளியாகவும், 30ல் ஒரு பங்கில் எடுத்தால் நூல் நூலாகவும் விழும்.

புறப்படும் முன் இன்னொரு வேலை உண்டு. முகப்பிலும் பட்டாலைக் கூடத்திலும் சுவர் நெடுகத் தொங்கும் முன்னோர் படங்களை, வீட்டாரிடம் கேட்டு, ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் எதிரொளி விழாமலிருக்க இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு வைத்து, கேமராவைப் படத்துக்கு நேர்மட்டத்தில் நிறுத்துங்கள். ஆச்சியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார், யாருக்கு என்ன முறை என்று சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அந்தப் பெயர்களையும் முறைகளையும் கோப்பின் பெயரோடு சேர்த்து எழுதி, கல்யாணப் படங்களோடு தனி உறையில் கொடுங்கள். குடும்பப் படத்தில் நிற்பவர்களின் பெயர்ப் பட்டியலும் அதே உறையில் இருக்கட்டும். சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டால், அங்கே ஏற்கெனவே தொங்கும் சட்டங்களின் அளவைக் குறித்துக்கொண்டு வந்து அதே அளவில் அச்சிட்டுக் கொடுங்கள்.